கடைமடை வீடு

முதலில் சத்தம்தான் வந்தது. ஐப்பசி அடைமழை, ராத்திரி பதினொன்றரை இருக்கும். குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் வருமே, அந்த மாதிரி ‘குளுக் குளுக்’ என்று குளியலறையில் தண்ணீர் போகிற ஜாலிக்குள்ளிருந்து ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் போய்ப் பார்ப்பதற்குள் தரையில் நாலு விரல் தண்ணீர். மழைத் தண்ணீர் இல்லை என்பதை மூக்கே சொல்லிவிட்டது.

அத்தை கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “கொல்லைக் கடைசியில இருந்ததைக் கூடத்துக்குப் பக்கத்துல கொண்டாந்து வச்சீங்க. இப்ப அது உள்ளயே வந்துடுச்சு.”

பாலிதீன் பையில் மணலை அள்ளிக் கட்டி ஜாலி மேல் வைத்தோம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படி ஒரு மணல் பை உண்டு. அதன் மேல் என் கணவர் அம்மிக்கல்லை வைத்தார். அப்புறம் விடியும்வரை வாளியும் துடைப்பமுமாக நின்றோம்.

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. டெல்டாவில் ஒரு நடுத்தர ஊர், இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பாதி ஊர்கள் அப்படித்தான்.

எங்கள் வீடு தெருவின் தாழ்ந்த கோடியில் இருக்கிறது. என் அப்பா விவசாயி. அவர் நிலம் வாய்க்காலின் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கோடியில், இருந்தது. கடைமடை என்றால் என்னவென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள் என்று பேப்பரில் படம் வரும். மலர் தூவுவார்கள். கல்லணையிலும் திறப்பார்கள். தலைமடைக்காரன் நாற்று விட்டு, நடவும் நட்டு முடித்த பிறகும் எங்கள் மதகில் ஈரம் இருக்காது. அப்பா மண்வெட்டியோடு வாய்க்கால் கரையிலேயே நடந்துகொண்டிருப்பார்.

தெருவுக்கு அடியில் ஓடும் பாதாளச் சாக்கடையில் கணக்கு தலைகீழ். மேலத்தெருக்காரர் குளித்தது, துவைத்தது, கழுவியது எல்லாம் ஒன்று விடாமல் கடைமடைக்கு வந்து சேரும். வயலில் வராத தண்ணீரெல்லாம் வீட்டில் வந்து நிற்கிறது என்று அப்பா இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

நான் பள்ளியில் அறிவியல் எடுக்கிறவள். அந்த வாரம் முழுக்கக் கோபம் இருந்தது. கோபம் ஆறியபின் இது ஏன் இப்படி ஆகிறது என்று தேட ஆரம்பித்தேன். முதலில் பிடிபட்டது சரிவு.

சாக்கடைக் குழாயில் தண்ணீர் ஓடினால் மட்டும் போதாது. கூட வரும் மண்ணையும் கசடையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். அதற்கு நொடிக்கு 0.6 மீட்டர் வேகமாவது வேண்டும் என்பது பொறியாளர்கள் கணக்கு. அதைவிட மெதுவாகப் போனால் தண்ணீர் போய்விடும், கசடு குழாயிலேயே படுத்துவிடும். அந்த வேகம் வர, தெருவில் போடும் ஆறு அங்குலக் குழாய்க்கு ஏறத்தாழ 170 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு தேவை. கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட ஆறு மீட்டர். குழாய் பெரிதாகி ஓட்டமும் கூடினால் இதைவிடக் குறைந்த சரிவு போதும் என்றாலும், கிளைத் தெருக்களில் ஓட்டம் எப்போதும் சொற்பம்தான்.

நம் மண் தருகிற சரிவு எவ்வளவு? கல்லணையிலிருந்து கடல்வரை கணக்குப் போட்டால் கிலோமீட்டருக்கு அரை மீட்டர் போல வருகிறது. காவிரி இங்கே இத்தனை கிளையாகப் பிரிந்து, வயலுக்கு வயல் நிதானமாகப் பாய்வதே இந்தச் சமதரையால்தான். நெல்லுக்கு இதைவிட நல்ல தரை கிடைக்காது. சாக்கடைக்கு இதைவிடப் பொல்லாத தரையும் கிடைக்காது.

மண் சரியவில்லை என்றால் குழாயைச் சரிக்க வேண்டும். தெரு முனையில் மூன்றடி ஆழத்தில் தொடங்கும் குழாய் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் இரண்டு ஆள் ஆழத்துக்கு மேல் இறங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் இங்கே கடப்பாரையை நாலு தடவை போட்டால் தண்ணீர் வந்துவிடும். அப்படியானால் அந்தக் குழாய் வருடத்தில் பாதி நாள் நிலத்தடி நீருக்குள் முழுகிக் கிடக்கிறது. இணைப்பு ஒன்று விட்டுக்கொடுத்தால் போதும், வெளியே இருக்கும் தண்ணீர் வண்டல் மணலையும் அள்ளிக்கொண்டு உள்ளே வரும். மணல் போன இடத்தில் பொந்து விழும். மேலே தார்ச் சாலை ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும், ஒரு நாள் லாரியோ பஸ்ஸோ ஏறும்வரை. மயிலாடுதுறையில் பாதாளச் சாக்கடை உள்வாங்கிச் சாலையில் பள்ளம் விழுவது பல ஆண்டுகளாகச் செய்தித்தாளில் வந்துகொண்டிருக்கிறது. படத்தில் பள்ளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, அதில் ஒரு மரக்கிளையைச் செருகியிருப்பார்கள்.

முடிவில்லாமல் ஆழமாகப் போக முடியாது என்பதால் நடுநடுவே கிணறு மாதிரித் தோண்டி, வந்த கழிவுநீரை மோட்டார் வைத்து மேலே தூக்கி அடுத்த குழாயில் விடுகிறார்கள். கழிவுநீரேற்று நிலையம் என்று பலகை இருக்கும். எல்லோரும் பம்பிங் ஸ்டேஷன் என்பார்கள். மலைப்பாங்கான ஊரில் சாக்கடை தானாக இறங்கிப் போய்விடும். நம் ஊர்ச் சாக்கடை மோட்டாரை நம்பியும், மோட்டாரைப் பார்த்துக்கொள்கிற மனிதரை நம்பியும் ஓடுகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யத்தில் இருக்கும் என் சித்தி வீட்டில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை என்றுதான் எல்லோரும் பேசினோம். போன தண்ணீர் எங்கே போய் நின்றிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த மழை ராத்திரிக்கு மூன்றாம் நாள், தண்ணீரைப் பீய்ச்சி அடைப்பு எடுக்கும் ஜெட் ராடிங் வண்டி வந்தது. மூன்று நாள் எத்தனை போன், யார் யாரிடம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். வந்தவர்கள் நாலு பேர். பெரியவர் ஒருவருக்கு ஐம்பது வயது இருக்கும். அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. எங்களையும் தாண்டிக் கீழே இருந்த மூடியைப் போய்த் திறந்தார்.

“அடைப்பு மேலயில்ல இருக்கு அண்ணே?” என்றேன்.

“கீழேர்ந்துதான் டீச்சர் ஏறணும். மேலேர்ந்து தள்ளுனா கீழ்வீட்டுக்காரவங்க வூட்டுக்குள்ள பூந்துடும்.”

கீழ்வீட்டுக்காரவங்க என்றது எங்களைத்தான்.

அந்த வண்டியின் குழாய் முனையில் பின்பக்கம் பார்த்த சிறு துளைகள் இருக்கின்றன. தண்ணீர் பின்னால் பீய்ச்சியடிக்க, அந்த உந்துதலில் குழாய் தானே முன்னால் ஊர்ந்து அடைப்புக்குள் நுழைகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிக்கு நான் வருடா வருடம் ராக்கெட்டையும் பலூனையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குழாய் திரும்பி வரும்போது கசடைக் கீழே இழுத்துக்கொண்டு வரும், பக்கத்தில் நிற்கும் உறிஞ்சு லாரி அதை வாங்கிக்கொள்ளும். முன்பெல்லாம் இதற்கு மூங்கில் பிளாச்சுதான்.

வெளியே வந்ததைப் பார்த்தேன். நாப்கின், தலைமுடி உருண்டை, ஷாம்பு பாக்கெட், தேங்காய் நார், காபிச் சக்கை. முக்கால்வாசி, மெழுகு மாதிரி வெள்ளையாக உறைந்த எண்ணெய்க் கட்டி. மேலே இரண்டு கல்யாண மண்டபம் இருக்கிறது. ஆவணி முகூர்த்தத்தில் ஊற்றிய எண்ணெய் ஐப்பசியில் வந்து அடைக்கிறது என்றார் பெரியவர். வாழை இலை நரம்பும் வந்தது. காபிச் சக்கை எங்கள் வீட்டுடையதாகவே இருக்கலாம். தினம் இரண்டு வேளை டிகாக்‌ஷன் போட்டுவிட்டு ஃபில்டரை சிங்க்கில்தான் கழுவுகிறேன். இப்போது செடிக்குப் போடுகிறேன் என்று எழுதலாம். பாதி நாள்தான் போடுகிறேன்.

நான் மூடிக்குப் பக்கத்தில் குனிந்தபோது பெரியவர் கையை நீட்டி மறித்தார்.

“தள்ளி நில்லுங்க டீச்சர். நாத்தம் அடிச்சாக்கூட பயமில்ல. அடிச்சிக்கிட்டிருந்த நாத்தம் சட்டுனு நின்னுச்சுன்னாதான் பயம்.”

இதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்திருக்க மாட்டார். காற்று இல்லாத குழாயில் கசடு தங்கினால் அதில் வாழும் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம். காற்றைவிடக் கனமானது, அதனால் குழியின் அடியிலேயே தேங்கும். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு நூறு பங்கு அளவை எட்டினால் மூக்கின் நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். அதற்கும் பல மடங்கு ஏறினால் சில மூச்சிலேயே ஆள் விழுவார். விழுந்தவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும், மூன்றாவது ஆளும் அதே மாதிரி. ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான்.

பாதுகாப்புக் கருவி கொடுக்காமல் மனிதரை இறக்குவது 2013-ல் வந்த சட்டப்படி குற்றம். 2014-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களை அடையாளம் கண்டு குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்னது. 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. தொகை உயர்ந்ததே, இன்னும் ஆட்கள் இறங்குகிறார்கள் என்பதற்குச் சாட்சி. அரசாங்கத் தமிழில் அந்தக் குழிக்கு ஆள்நுழைவுத் தொட்டி என்று பெயர். இப்படி ஆளை இறக்குவதைச் சட்டம் தடுத்தபிறகும் பெயர் அப்படியே இருந்தது. இப்போது ‘மெஷின் ஹோல்’ என்று மாற்றச் சொல்லியிருக்கிறார்கள்.

கும்பகோணத்தில் பேண்டிகூட் என்ற ரோபோவைக் கொண்டுவந்தார்கள், கேரளத்து இளைஞர்கள் செய்தது. அது சிலந்தி மாதிரிக் காலை விரித்துக் குழிக்குள் இறங்கிக் கையால் கசடை அள்ளும். மேலே நிற்பவர் திரையைப் பார்த்துக்கொண்டே இயக்கலாம். எங்கள் பெரியவரிடம் அதைப் பற்றிக் கேட்டேன். “நல்ல மிசினுதான். நம்ம சந்துக்குள்ள அந்த வண்டி திரும்பணுமே” என்றார். அதுவும் நியாயம்தான். எங்கள் ஊரில் தேரோடும் வீதி அகலம். மற்றதெல்லாம் மாட்டு வண்டிக்கு அளந்து விட்டது.

சந்து என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெரு வீடுகள் வாசலிலிருந்து கொல்லைவரை நீளம். கொல்லைக் கதவைத் திறந்தால் ஆள் ஒருவர் மட்டும் போகிற அளவுக்கு ஒரு சந்து. அத்தை கல்யாணமாகி வந்தபோது அங்கே எடுப்புக் கக்கூஸ் இருந்தது. விடியற்காலையில் ஒரு பெண் சந்து வழியே வந்து தகரத்தில் அள்ளிக்கொண்டு போவாராம். “அவ பேரு என்ன அத்தை?” என்று கேட்டேன். அத்தைக்கு நினைவில்லை. நினைவில்லை என்பதைவிட, கேட்டதே இல்லை என்பதுதான் சரி.

அத்தையைச் சொல்லி என்ன? இங்கே பாதாளச் சாக்கடை போட்ட முதல் சில வருடங்களில், எங்கள் வாசலிலேயே ஒருவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். மேலே வந்தவருக்குக் காபி கொடுத்தேன். காகிதக் கப்பில். எங்கள் வீட்டில் காகிதக் கப் கிடையாது. அதற்காகவே கடைக்குப் போய் வாங்கி வந்தேன். அன்று அதில் எனக்கு எதுவும் உறுத்தவில்லை.

பழைய நாளைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் யானைக்காலையும் நினைத்துக்கொள்வது நல்லது. கும்பகோணம் என்றால் வெற்றிலைக்கும் பாத்திரத்துக்கும் அடுத்து வெளியூர்க்காரர்கள் யானைக்காலைச் சொல்லிக் கேலி செய்த காலம் உண்டு. அதைப் பரப்பும் கொசுவுக்குப் பிடித்தது அழுக்குத் தண்ணீர். தெருவோரத் திறந்த சாக்கடையிலும், மூடாத செப்டிக் டேங்கிலும் கோடிக்கணக்கில் பெருகும். அந்த நோயை உண்டாக்கும் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் சுற்றும் என்பதால் சுகாதாரத்துறை ஆட்கள் ராத்திரி பத்து மணிக்குமேல் வந்து தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி விரலில் குத்திக்கொண்டு போவார்கள். நான் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி.

சரி, மழைக்கு வருகிறேன். வண்டிக்காரர் கிளம்பும்போது எங்கள் மொட்டை மாடிக் குழாயை அண்ணாந்து பார்த்தார். அது சுவரோடு இறங்கி எங்கே போகிறது என்று கண்ணாலேயே தொடர்ந்தார். கொல்லையில் இருந்த சாக்கடைத் தொட்டிக்குள் போய் முடிந்தது. ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார்.

வீடு கட்டின கொத்தனார் அப்படித்தான் விட்டிருந்தார். ஊரில் முக்கால்வாசி வீட்டில் அப்படித்தான். ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் எண்பது சதவீதம் கழிவாகத் திரும்பும் என்று திட்டம் போடும்போது கணக்கிடுகிறார்கள். அதாவது 108 லிட்டர். ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு 540 லிட்டர். குழாயின் அளவு இதை வைத்துத்தான். மாடி ஆயிரம் சதுர அடி. ஒரு ராத்திரியில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் மாடியிலிருந்து இறங்குவது 4,600 லிட்டருக்கு மேல். எட்டு நாள் சாக்கடையை நான் ஒரே ராத்திரியில் தெருக் குழாய்க்குள் கொட்டியிருக்கிறேன். என் வீட்டுக்குள் வந்ததில் ஒரு பங்கு என்னுடையதே.

தஞ்சாவூரில் சிவகங்கைக் குளத்திலிருந்து அய்யன்குளத்துக்கு மழைநீர் போகப் பூமிக்கடியில் பழைய வழி ஒன்று உண்டு. மழையை ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்குப் பத்திரமாகக் கொண்டுபோன ஊர்க்காரர்கள் நாம். அதே மழையை மலத்தோடு சேர்த்து, பிறகு இரண்டையும் பிரிப்பதற்குக் கரண்ட் செலவழிக்கிறோம்.

பிரிக்கிற இடத்தையும் பார்த்துவிடுவது என்று, அனுமதி வாங்கி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழைத்துப் போனேன். வாசலில் இறங்கியதுமே எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உள்ளே போனதும் ஒருவன் ஏமாற்றத்தோடு கேட்டான். “டீச்சர், ஆய் எங்க?” காண்பதற்கு ஒன்றும் இல்லை. சாக்கடையில் 99.9 சதவீதம் தண்ணீர்தான். வந்து விழுவது சாம்பல் நிறத்தில் அரிசி கழுவிய நீர் போல இருந்தது. கம்பிச் சல்லடையில் துணியும் பிளாஸ்டிக்கும் நின்றுவிடுகின்றன. அடுத்த தொட்டியில் மணல் படிகிறது. டெல்டாக்காரர் பாத்திரம் துலக்குகிற மணலும், உடைந்த குழாய் வழி வருகிற வண்டலும் அதில் சேர்த்தி.

அதற்கப்புறம் காற்றுத் தொட்டி. கீழிருந்து காற்றைச் செலுத்த, தொட்டி முழுக்கக் கொதிக்கிற குழம்பு மாதிரி இருக்கிறது. அந்தப் பழுப்பு நுரைக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் கழிவைத் தின்றுகொண்டிருக்கின்றன. நாம் செய்வதெல்லாம் அவற்றுக்கு மூச்சுவிடக் காற்று கொடுப்பதுதான். நிலையத்தின் கரண்ட் செலவில் பாதிக்கு மேல் இந்தக் காற்றுக்கே போகும். 1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இரண்டு பேர், தொட்டி அடியில் தங்கும் சேற்றைக் கொட்டாமல் அடுத்த தவணைக்கும் வைத்துக்கொண்டால் வேலை மளமளவென்று நடக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பழைய மோர் ஒரு கரண்டி இருந்தால்தானே பால் தயிராகும்? பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொன்னேன்.

நன்றாக வேலை செய்யும் காற்றுத் தொட்டிக்குச் சாக்கடை வாடை இல்லை, கோடையில் முதல் மழை விழுந்த மண் வாடை. அங்கிருந்த ஊழியர் ஒரு லிட்டர் அளவுக் குடுவையில் அதை மொண்டு வைத்தார். அரை மணி நேரத்தில் சேறு அடியில் கால் பாகமாக இறங்கி, மேலே தெளிந்த நீர் நின்றது. சேறு சரியாக இறங்கவில்லை என்றால் நுண்ணுயிருக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தமாம். தினமும் இப்படி நாடி பிடித்துப் பார்க்கிறார்கள். உள்ளே வரும் கழிவைத் தின்று தீர்க்க லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் ஆக்சிஜன் தேவைப்படும். வெளியே விடும்போது அது 30-க்குள் வந்திருக்க வேண்டும். புதிய நிலையங்களிடம் 10 கேட்கிறார்கள்.

தெளிந்த நீர் குளோரின் கலந்து வாய்க்காலுக்குப் போகிறது. நாங்கள் போனது சித்திரை கடைசி. ஆறு காய்ந்து கிடந்தது. ஊருக்கே அந்த ஒரு வாய்க்காலில்தான் தண்ணீர். கரையில் ஒருவர் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவரிடம் போய் இது எங்கிருந்து வருகிற தண்ணீர் தெரியுமா என்று கேட்க, “தெரியாம என்ன, ஒங்க ஊட்டுலேர்ந்துதான் வருது. ஞாயித்துக்கெழமன்னா கொஞ்சம் கூடவே வரும்” என்றார்.

குழாய் இணைப்பு இல்லாத வீடுகளின் கதை வேறு. ஊரின் புது நகர்கள் எல்லாம் வயலில் மனை போட்டவை. அங்கே செப்டிக் டேங்க் என்ற பெயரில் அடி போடாத உறை இறக்கியிருப்பார்கள், பத்தடி தள்ளிக் குடிநீர் போர். நிரம்பினால் லாரி. லாரி எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்பது இருட்டுக்கும் வாய்க்காலுக்கும் தெரியும். திருச்சியில் இந்த லாரிகள் பம்பிங் ஸ்டேஷனிலேயே கொட்டுவதற்கு இடம் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து குழாய் வழி சுத்திகரிப்புக்குப் போய்விடும். எளிய ஏற்பாடுதான். செப்டிக் டேங்க் சுத்தம் செய்ய 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். சுவரில் எழுதியிருக்கும் செல் நம்பரைவிட அது உத்தமம்.

ஒவ்வொரு வைகாசியிலும் மேட்டூர் திறப்பதற்கு முன் ஆறும் வாய்க்காலும் தூர்வார வேண்டும் என்று இங்கே ஊரே பேசும். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ஒதுக்கீடு, எங்கே வாராமல் பில் போட்டார்கள் என்று டீக்கடையில் கணக்குப் பார்ப்பார்கள். தெருவுக்கு அடியில் ஓடுகிற வாய்க்காலை வைகாசியில் தூர்வாரினார்களா என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இந்த வருடம் மனு எழுதிக் கொடுத்தேன். ஐப்பசிக்கு முன் மண்டபத்துக்குக் கீழே உள்ள குழாயை ஜெட் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று. ஆவணியில் வந்து செய்தார்கள். அதே பெரியவர். எவர்சில்வர் டம்ளரில் காபி கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, சக்கரை தூக்கல் என்றார்.

மாடிக் குழாயையும் பிரித்தாகிவிட்டது. கொல்லையில் கிணற்றடியில் ஒரு குழி தோண்டி ஜல்லி போட்டு அதில் விட்டிருக்கிறோம். எங்கள் தெருவில் இருபத்து மூன்று வீடு. மாலையில் நடக்கப் போகிற சாக்கில் எண்ணிப் பார்த்தேன், பதினான்கு வீட்டு மாடிக் குழாய் சாக்கடைக்குள்தான் இறங்குகிறது. என் கணக்குத் தாளோடு ஒவ்வொரு வாசலாக ஏறினேன். மூன்று பேர் பிரித்துவிட்டார்கள். நாலு பேர் ஆள் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் “மழைத் தண்ணி சுத்தமான தண்ணிதானே டீச்சர், போனா சாக்கடையைக் கழுவிட்டுத்தானே போகும்?” என்று என்னிடமே பாடம் எடுத்தார். மேல்கோடி வீட்டுக்காரர் மட்டும் தாளை வாங்கிக் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்றார். தை பிறக்கட்டும், ஆளைக் கூப்பிட்டு மாற்றிவிடலாம் என்றார்.

இப்போது புரட்டாசி. மணல் பையை மாற்றிப் புதுசாகக் கட்டி வைத்திருக்கிறேன்.